பலா மரத்துக்கு டிரான்ஸ்ஃபர் கிடையாது!

முதல்ல ஒரு குட்டி வைவா. 'பல்லாண்டுத் தாவரம்'னா என்ன?

பிளஸ் டூ-ல பயாலஜி எடுத்தவங்க தயவுசெஞ்சு கையைத் தூக்காதீங்க. கேள்வி, என்னை மாதிரி கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் ஆளுங்களுக்குத்தான். தெரியலையா? ரொம்ப சிம்பிள். நெல், எள், வேர்க்கடலை, செண்டுமல்லி... இவங்கல்லாம் ஒரே செமஸ்டர்ல கோர்ஸை முடிக்கிற ஆளுங்க. முளைச்சு, பூத்து, விதையைக் கொடுத்துட்டு டாட்டா காட்டிட்டுப் போயிடுவாங்க. பல்லாண்டுத் தாவரம் அப்படி இல்லை. நம்ம எம்-3 அரியர் மாதிரி! 'அப்பாடா... முடிஞ்சுது'னு நினைக்கும்போது அடுத்த வருஷமும் கதவைத் தட்டும். மல்லி, செம்பருத்தி, கறிவேப்பிலை, மஞ்சள், பலா எல்லாம் இந்த கோஷ்டிதான்.

இந்த ஞானமெல்லாம் எனக்கு மூணு வாரத்துக்கு முன்னாடி சுத்தமா கிடையாது. 'லீவுக்கு ஊருக்குப் போறீங்கள்ல... உங்க ஊரைப் பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டு வாங்க'னு ஆபீஸ்ல சொல்லி அனுப்பினாங்க. எங்க ஊர் நெய்வேலி. சுரங்கம், ராட்சத மெஷின், புகைபோக்கினு ஜமாய்ச்சுடலாம்னு கெத்தா பஸ் ஏறினேன். கடைசியில எங்க வீட்டுக் கொல்லையைத் தாண்டி எங்கேயும் போகலை. ஏன்னு சொல்றேன்... வாங்க!

கரன்ட் ஊர்ல ஒரு கொல்லைப்புறம்

ஆர்ச் கேட்ல இறங்கி உள்ளே நுழைஞ்சா, முதல்ல உங்களுக்குத் தெரியுறது சுரங்கம் இல்லை... மரம்! வேம்பு, புங்கை, தூங்குமூஞ்சினு ரோட்டோட ரெண்டு பக்கமும் நிழல். ஊரை 'வட்டம்' 'வட்டமா' பிரிச்சிருப்பாங்க. 'நீ எந்த வட்டம்?'னுதான் ஸ்கூல்ல முதல் நாள் கேட்பாங்க. ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி ரோடு. குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே ஜெராக்ஸ் காப்பி. வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க கண்டிப்பா ஒரு தடவையாவது தப்பான வீட்டு கேட்டைத் திறப்பாங்க. அதனால நாங்க அடையாளம் சொல்றதே செடியை வெச்சுத்தான். 'வாசல்ல அடுக்கு நந்தியாவட்டை இருக்கும்... அதுக்கு அடுத்த வீடு.' 

இந்த ஊரோட ஃபிளாஷ்பேக் தெரியுமா? 1930-கள்ல ஜம்புலிங்க முதலியார்ங்கறவர் தன் நிலத்துல தண்ணிக்காகத் துளை போட்டார். தண்ணியோட கறுப்பா ஏதோ வந்துச்சு. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் கம்பெனி ஆரம்பிச்சாங்க. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார். 1962-ல் மின்சாரம் வர ஆரம்பிச்சுது. ரஷ்யக்காரங்க உதவியோட கட்டின அந்த முதல் அனல் மின் நிலையத்தை 2020-ல் நிறுத்திட்டாங்க. 2016-லயே கம்பெனி பேரும் 'என்.எல்.சி. இந்தியா'னு மாறிடுச்சு. ஆனா எங்க தாத்தா பாட்டிங்களுக்கு இன்னமும் 'நெய்வேலி கரன்ட் கம்பெனி'தான்!

அந்தப் பழுப்பு நிலக்கரியே என்னன்னு நினைக்கிறீங்க? கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இங்கே நின்ன மரங்க. மண்ணுக்குள்ள புதைஞ்சு, அமுங்கி, பாதி மக்கி, பாதி கல்லாகிப் போனது. ஒரு துண்டைக் கையில எடுத்துப் பார்த்தா சிலதுல மரத்தோட வரி கூடத் தெரியும். அதாவது, நம்ம ஹாஸ்டல்ல லேப்டாப் சார்ஜ் ஏறுறதே என்னைக்கோ செத்துப்போன ஒரு காட்டு புண்ணியத்துல!

கறுப்புப் பை ரகசியம்

மேட்டருக்கு வர்றேன். எங்க அப்பா சுரங்கத்துல வேலை பார்க்கிறார். 2004-ல் இந்த வீட்டுக்கு வந்தாங்க. அதுக்கப்புறம்தான் நானே பிறந்தேன். இந்த ஜூன் கடைசியில அப்பா ரிட்டையர் ஆகுறார். ரிட்டையர் ஆனா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விதிதான். எங்க தெருவுலயே எத்தனையோ வீடு காலியாகிப் பார்த்திருக்கேன். ஆனா நம்ம வீட்டுக்கு அது வரும்னு ஏனோ நான் நினைச்சே பார்க்கலை. கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு மாடி வீடு பார்த்தாச்சு. பாதிரி மரத்தால பேர் வந்த ஊர்தான்... ஆனா எங்க வீட்டுக்கு மண் தரை கிடையாது. மொட்டை மாடி மட்டும்தான்.

போன தீபாவளி லீவுக்கு வந்தப்போ கொல்லையில கறுப்பு கறுப்பா நாற்றுப் பைகள் வரிசையா இருந்துச்சு. 'என்னம்மா, நர்சரி ஆரம்பிச்சுட்டியா?'னு கிண்டல் பண்ணேன். அம்மா சிரிச்சுட்டு உள்ளே போயிட்டாங்க. இந்த லீவுல வந்து பார்த்தா அந்தப் பையெல்லாம் சின்னச் சின்ன செடியா நிக்குது. ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டுக் காகிதம்: 'செம்பருத்தி - சிவப்பு', 'மல்லி', 'கருவேப்பிலை'...

அப்பதான் புரிஞ்சுது. எங்க அம்மா போன ஐப்பசி மழையிலேயே வீட்டைக் காலி பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. எங்க யார்கிட்டயும் சொல்லாம!

'மே மாசத்துல கிளையை வெட்டி நட்டா வருமாடி? வெயில்ல கருகிடாது? மழை இருக்கும்போதே வெச்சாத்தானே வேர் விடும்'னாங்க, ரொம்ப சாதாரணமா. நான் ஒண்ணும் பேசலை. அன்னைக்கு சாயந்திரமே நோட்டும் பேனாவுமா கொல்லைக்கு வந்து உக்காந்துட்டேன்.

வேர்தான் ஹார்டு டிஸ்க்!

அம்மாகிட்ட நான் கத்துக்கிட்ட முதல் பாடம்: மேல தெரியுறது வெறும் மானிட்டர். ஹார்டு டிஸ்க் கீழே இருக்கு!

நர்சரிக்குப் போனா நாம என்ன பண்றோம்? எதுல பூ நிறைய இருக்கோ அதைத்தானே தூக்கிட்டு வர்றோம்? அதுதான் முதல் தப்பு. வடலூர் போற ரோட்டுல ஒரு நர்சரி அண்ணன் இருக்கார். அவர் சொன்னது: 'பூ இல்லாத செடியை யாருமே வாங்க மாட்டாங்க தங்கச்சி. ஆனா எனக்கு வேணும்னா நான் பூ இல்லாததைத்தான் எடுப்பேன். பூத்துக்கிட்டே இருக்கிற செடி வேருக்கு என்னத்த மிச்சம் வைக்கும்?'

பல்லாண்டுச் செடியோட முதல் வருஷ வேலை முழுக்க மண்ணுக்குள்ளதான். மேல பார்த்தா சும்மா நிக்கிற மாதிரி இருக்கும். 'வளரவே மாட்டேங்குது'னு நாம உரத்தைக் கொட்டுவோம். இல்லைன்னா பிடுங்கி இடம் மாத்துவோம். ரெண்டுமே வேண்டாத வேலை. மல்லிகையை எடுத்துக்கோங்க... நட்ட மறுவருஷத்துலேர்ந்துதான் உருப்படியா பூக்கும். ஆனா ஒழுங்கா கவனிச்சா பத்து, பதினஞ்சு வருஷம் சலிக்காம பூக்கும். மூணு மாசம் பொறுக்க முடியாதவங்களுக்கு செண்டுமல்லி இருக்கு!

தண்ணி ஊத்துறதுலயும் நாம ஸீரோ. தினம் ஒரு சொம்பு ஊத்திட்டு 'நான் டெய்லி தண்ணி விடுறேனே'னு பெருமை பேசுவோம். மேல் மண்ணு மட்டும் நனைஞ்சா வேரும் மேலேயே சுத்திக்கிட்டு இருக்கும். நாலு நாள் ஊருக்குப் போனீங்கனா அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. தரையில நட்ட செடிக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை, ஆனா ஆழமா இறங்குற மாதிரி விடணும். தண்ணியைத் தேடி வேரும் கீழே போகும். எங்க ஊர் செம்மண் வேற, மணல் கலந்தது. ஊத்துற தண்ணி நிக்காம ஓடிடும். அதனால உதிர்ந்த சருகைக் கூட்டி எரிக்காம செடியோட காலடியிலேயே போட்டுடணும். இதுக்கு 'மூடாக்கு'னு பேரு. சூடும் ஏறாது, ஈரமும் போகாது, ஆறு மாசத்துல அதுவே எருவாகிடும். தொட்டியில இருக்கிற செடிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதுக்கு வேர் போக இடம் இல்லை. வெயில் காலத்துல தினம் தண்ணி வேணும்.

இதெல்லாம் தெரியாம, செகண்ட் இயர்ல ஒரு செம்பருத்தித் தொட்டியை ஹாஸ்டலுக்குத் தூக்கிட்டுப் போனேன். ரூமுக்குள்ள ஃபேனுக்குக் கீழே வெச்சு, பாசத்துல காலையில ஒரு பாட்டில், ராத்திரி ஒரு பாட்டில்... மூணே வாரத்துல வேர் அழுகி செத்துப்போச்சு. பட்டினி போட்டுக் கொன்னவங்களை விட, ஊட்டி ஊட்டிக் கொன்னவங்கதான் அதிகமாம். அம்மா சொல்றாங்க!

நமக்குக் குளிர்காலம் மே மாசம்!

வெளிநாட்டுத் தோட்டக்காரங்க எழுதின புத்தகத்தைப் பார்த்தா, பல்லாண்டுச் செடினாலே பனிக்காலத்துல மேல காஞ்சு, வேர் மட்டும் தூங்கி, வசந்தத்துல முளைக்கும்னு போட்டிருக்கும். அதை அப்படியே படிச்சுட்டு டிசம்பர்ல செடியைத் தூங்க வைக்கணும்னு நினைச்சா நாமதான் பல்பு வாங்குவோம். கடலூர்ப் பக்கம் டிசம்பர்ங்கிறது வடகிழக்குப் பருவமழை சீசன். செடிங்க கொண்டாட்டமா இருக்கிற நேரம்!

நம்ம ஊர்ல செடி தூங்குறது குளிருக்கு பயந்து இல்லை... வெயிலுக்கு பயந்து. மஞ்சளைப் பாருங்க. தை, மாசியில இலையெல்லாம் மஞ்சளாகிச் சாயும். செத்துடுச்சுனு தோணும். கீழே கிழங்கு ஜம்முனு இருக்கும். ஒரு துண்டை மண்ணுலயே விட்டுட்டா, கோடை மழைக்கு அப்புறம் சுருட்டின பேப்பர் மாதிரி இலையை நீட்டும். சேனைக்கிழங்கும் இப்படித்தான். நம்ம தமிழ்நாட்டு மாநில மலர் செங்காந்தள் இருக்கே... அதுவும் இதே ரகம். கோடையில அந்த இடத்துல ஒண்ணுமே இருக்காது. மழை வந்ததும் கொடி கிளம்பி, ஐப்பசி கார்த்திகையில நெருப்பு மாதிரி பூக்கும். ஆனா ஒரு எச்சரிக்கை: செங்காந்தளோட கிழங்கு கொடிய விஷம். அரளியும் அப்படித்தான். சின்னப் பசங்க இருக்கிற வீட்டுல யோசிச்சு வைங்க.

வாழையோட கதைதான் சூப்பர். ஒரு வாழை ஒரே ஒரு தார் போட்டுட்டு செத்துடும். அந்தக் கணக்குல பார்த்தா அது ஒரு தடவை பூக்கிற ஆள்தான். ஆனா அடியில கிழங்கு உயிரோட இருந்து கன்னு கன்னா தள்ளிக்கிட்டே இருக்கும். 'வாழையடி வாழை'னு பெரியவங்க வாழ்த்துறாங்களே... அதுதான் பல்லாண்டுத் தாவரத்துக்கு நம்ம ஊர் டெஃபனிஷன். நான் ஒரு பக்கத்துக்கு எழுதினதை அவங்க ரெண்டே வார்த்தையில முடிச்சுட்டாங்க!

இன்னொண்ணு... கத்தரி, மிளகாயை எல்லாம் நாம ஒரு சீசன்ல பிடுங்கிப் போட்டுடறோம். ஆனா அதுங்களுக்கும் ரெண்டு மூணு வருஷம் வாழுற தெம்பு இருக்கு. காய்ப்பு ஓய்ஞ்சதும் அரை அடி விட்டு வெட்டி, எரு வெச்சா மறுபடி துளிர்க்கும். 'மறுதாம்பு'னு சொல்வாங்க. ஒரு பேப்பர் போச்சுனா காலேஜை விட்டா நிக்கிறோம்? கத்தரிக்கும் ஒரு சப்ளிமென்டரி சான்ஸ் கொடுங்க பாஸ்!

வடலூர் எங்களுக்கு ரொம்பப் பக்கம். வள்ளலார் உயர்வா சொன்ன தூதுவளை, கரிசலாங்கண்ணி ரெண்டும் அதனாலேயே இங்கே நிறைய வீட்டு வேலியில இருக்கும். தூதுவளையும் பல்லாண்டுக் கொடிதான். முள்ளு கையைக் கிழிக்கும். ஆனா சளி பிடிச்சா அம்மா நேரா அங்கேதான் போவாங்க.

'தானே' வந்த ராத்திரி

2011 டிசம்பர் 30. தானே புயல். அப்போ எனக்கு ஆறு வயசு. விடியக்காலையில கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. வீட்டுக்குள்ள அம்மா மடியில படுத்துக்கிட்டு, ஓடு உடையுற சத்தமா, கிளை முறியுற சத்தமானு தெரியாம அழுதது மட்டும் ஞாபகம் இருக்கு. விடிஞ்சு வெளியே வந்தா... ரோடு இல்லை, மரம்தான் இருந்துச்சு. படுத்துக்கிட்டு! நெய்வேலியில ஆயிரக்கணக்கான மரம் போச்சு. பண்ருட்டி பக்கம் பலா, முந்திரித் தோப்பெல்லாம் ஒரே ராத்திரியில தரைமட்டம். மாவட்டமே நாள்கணக்குல இருட்டுல கிடந்துச்சு.

நெல்லு போச்சுனா அடுத்த போகம் இருக்கு. ஆனா முப்பது வருஷப் பலா போச்சுனா? கன்னு வெச்சுட்டு மறுபடி காத்திருக்கணும். முந்திரி விவசாயிங்க தோப்புக்குள்ள நின்னு அழுதது அந்த வருஷப் பலனுக்காக மட்டும் இல்லை. வரப்போற பத்து வருஷத்துக்காகவும்தான்.

எங்க கொல்லையிலயும் ஒரு பெரிய பலா இருந்துச்சு. எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க வெச்சது. அது வேரோட சாய்ஞ்சு, முருங்கை மேல விழுந்து, முருங்கையும் ரெண்டா முறிஞ்சுது. எல்லாம் போச்சுனு அப்பா வெட்டிப் போட்டார். சரியா ஒரு மாசம்... முருங்கைக் கட்டையில பச்சைப் பச்சையா துளிர்! கறிவேப்பிலை வேர்லேர்ந்து நாலஞ்சு கன்னு. நசுங்கிப்போன மல்லி அடியிலேர்ந்து கிளம்பி வந்துச்சு. மேல எல்லாத்தையும் புயல் எடுத்துக்கிச்சு. கீழே இருந்ததை அதால தொட முடியலை.

பலா மட்டும் வரலை. 2012 ஆனியில பண்ருட்டியிலேர்ந்து ஒரு பழம் வாங்கிட்டு வந்தார் அப்பா. சாப்பிட்டு முடிச்சு அதுல நல்ல கொட்டையா ரெண்டு எடுத்து, அன்னைக்கே நட்டார். பலாக்கொட்டையைக் காய வெச்சு பத்திரப்படுத்தி அடுத்த வருஷம் நடலாம்னா நடக்காது. உயிர் போயிடும். ஈரத்தோட உடனே நட்டுடணும். ஒண்ணு முளைச்சுது. எட்டு வருஷம் கழிச்சு, 2020 லாக்டவுன்ல, வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தப்போ அடிமரத்துல முதல் பிஞ்சு. அன்னைக்கு அப்பா முகத்துல இருந்த சிரிப்பை, என் பிளஸ் டூ மார்க்குக்குக் கூட நான் பார்க்கலை!

தோண்டுறவரும் அவர்தான்... நடுறவரும் அவர்தான்!

ஒன்பதாவது படிக்கும்போது ஸ்கூல்ல சுரங்கம் காட்டக் கூட்டிட்டுப் போனாங்க. மேலேர்ந்து பார்த்தா கீழே லாரியெல்லாம் தீப்பெட்டி சைஸ். பெரிய சக்கரத்துல வாளி வாளியா மாட்டின மெஷின் மண்ணை அப்படியே வழிச்சு எடுக்குது. பல பத்து மீட்டர் மண்ணை எடுத்தாத்தான் அந்தக் கறுப்பு அடுக்கே தெரியும். அதுக்கும் கீழே தண்ணி அழுத்தத்தோட இருக்கு. அதை ராத்திரி பகலா இறைச்சுக்கிட்டே இருக்கலைன்னா சுரங்கத்தோட தரையே பிளந்துடும். இதனால எங்க கிணத்துத் தண்ணி கீழே போயிடுச்சுனு சுத்துப்பட்டு விவசாயிங்க ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டு இருக்காங்க.

எனக்கு அன்னைக்கு வேற ஒண்ணுதான் கண்ணுல பட்டுச்சு. குழியோட விளிம்புல, மேலாப்புல ஒரு மெல்லிசான அடுக்கு. அதுலேர்ந்து வேர் வேரா தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அத்தனை ஆழத்துல, செடி கொடிங்க பெரும்பாலும் பிழைக்கிற இடம் அந்த ஒரு மேல் தோல்தான்!

இதைச் சொல்லாம விட்டா நான் பொய் சொன்ன மாதிரி ஆகிடும். 2023 ஜூலையில, வளையமாதேவி பக்கம் பரவனாற்றைத் திருப்பி விடுற கால்வாய்க்காக, பயிர் நின்னுக்கிட்டு இருந்த வயல்லயே மெஷின் இறங்கினதை டி.வி-யில பார்த்திருப்பீங்க. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னுச்சு ஐகோர்ட். நெல்லுக்காவது ஒரு போகம், இத்தனை மூட்டைனு கணக்கு இருக்கு. தாத்தா வெச்ச பலாவுக்கும் முந்திரித் தோப்புக்கும் எப்படி ரேட் போடுறது? 'உன் காலேஜ் ஃபீஸ் எதுலேர்ந்து வருது?'னு நீங்க கேட்டா, அந்தக் குழியிலேர்ந்துதான்னு சொல்லணும். ரெண்டும் உண்மை. ரெண்டையும் கையில வெச்சுக்கிட்டுத்தான் இதை எழுதுறேன்.

அப்பாகிட்ட ஒருநாள் கேட்டேன். 'ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து இடுப்பு வலிக்குதுங்கறீங்க. அப்புறம் எதுக்குப்பா மறுபடி மம்பட்டியைத் தூக்குறீங்க?'

'நாள் பூரா மண்ணைப் பேத்து எடுக்கிறேம்மா. சாயந்திரம் ஒரு குழியையாவது நட்டு மூடலைன்னா தூக்கம் வர மாட்டேங்குது'னார். அவ்வளவுதான். அதுக்கு மேல அவர் பேச மாட்டார்.

நிலக்கரி எடுத்து முடிச்ச இடத்தை மண்ணால நிரப்பி மரம் நட்ட பகுதிகள் இங்கே இருக்கு. இப்போ பச்சையா, பறவைங்களோட அழகாத்தான் இருக்கு. ஆனா அடி மண்ணு மேலேயும் மேல் மண்ணு கீழேயுமா கலந்துபோன இடத்துல எதையும் சட்டுனு வளர்க்க முடியாது. முதல்ல சணப்பு, தக்கைப்பூண்டு மாதிரி பயிரை வளர்த்து, மடக்கி உழுது, மண்ணுக்கு உயிர் கொடுத்துட்டுத்தான் மத்ததெல்லாம். நாம தொட்டியில பண்றதும் குட்டி சைஸ்ல இதேதான்... முதல்ல மண்ணைத் தயார் பண்ணு, அப்புறம் செடியைப் பாரு!

எது கூட வரும்... எது வராது?

கடைசியில அம்மாவும் நானும் சேர்ந்து லிஸ்ட் போட்டோம்.

கிளையா வர்றவங்க: செம்பருத்தி, நந்தியாவட்டை, கற்பூரவள்ளி. பென்சில் தடிமன், ஒரு சாண் நீளம், அடியில சாய்வா ஒரு வெட்டு, மேல ரெண்டு இலையை மட்டும் விட்டு நிழல்ல வெச்சா ஒரு மாசத்துல வேர். மல்லிக்குப் பதியம். தரையோட இருக்கிற கிளையை வளைச்சு, நடுவுல மண்ணைப் போட்டு மூடி, வேர் விட்டதும் தாய்ச்செடிகிட்டேயிருந்து பிரிக்கணும். முருங்கைக்குக் கை தடிமன்ல ஒரு போத்து போதும். ஆனா மாடியில வைக்க முடியாது. பெரியம்மா வீட்டுக்குப் போகுது.

கன்னா, கிழங்கா வர்றவங்க: கறிவேப்பிலை வேர்க்கன்னு, மஞ்சள், வாழை, கல்வாழை. வாழை சித்தப்பா கொல்லைக்கு. மஞ்சள் எங்களோட, ஒரு பழைய பக்கெட்ல.

வரவே முடியாதவங்க: பலா. அதோட ஆணிவேர் இந்நேரம் எவ்வளவு ஆழத்துல இருக்கோ! பதிமூணு வருஷமா ஒரே இடத்துல இறங்கினதை மூணு நாள்ல தோண்டி எடுக்க முடியாது. எடுத்தாலும் பிழைக்காது. அப்பாவுக்கு வேலை முடியலாம், எனக்கு கேம்பஸ்ல எந்த ஊர்லயோ பிளேஸ்மென்ட் கிடைக்கலாம். பலா மரத்துக்கு டிரான்ஸ்ஃபர் கிடையாது.

லிஸ்ட் முடிஞ்சப்புறம் அம்மா பின்கேட் பக்கம் கையைக் காட்டினாங்க. அங்கே ஒரு பவழமல்லி. தினம் விடியும்போது தரை பூரா வெள்ளையும் ஆரஞ்சுமா கொட்டிக் கிடக்கும். அதைப் பொறுக்கித்தான் எங்க வீட்டுச் சாமிக்கு இருபது வருஷமா பூ. 'இதை நாங்க வைக்கலை. வந்தப்பவே இருந்துச்சு. யார் வெச்சாங்கனு இன்னை வரைக்கும் தெரியாது. அவங்க போகும்போது வெட்டிட்டா போனாங்க?'னாங்க.

அப்புறம், 'உன் கையெழுத்து குண்டு குண்டா நல்லா இருக்கும். நான் சொல்றதை எழுதிக் கொடு. சமையல்கட்டு அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிட்டுப் போயிடலாம்'னு சொன்னாங்க. எழுதினேன். உங்களுக்கும் உதவும், படிச்சுக்கோங்க.

வரப்போறவங்களுக்கு...

* மல்லியைக் கார்த்திகை பாதியிலேர்ந்து தண்ணி குறைச்சு, முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுங்க. பங்குனியிலேர்ந்து பூக்கும். சித்திரையில வெட்டிடாதீங்க. ஒரு தடவை எங்க பொண்ணு வெட்டி, அந்த சீசனே போச்சு. (ஸாரி!)

* கறிவேப்பிலையை உருவாதீங்க. நுனியோட கொத்தாக் கிள்ளுங்க. கிள்ளக் கிள்ளக் கிளைக்கும். புளிச்ச மோரைத் தண்ணியில கரைச்சு எப்பவாவது ஊத்துங்க.

* செம்பருத்தியில வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தா மாவுப்பூச்சி. தண்ணியைப் பீய்ச்சிக் கழுவுங்க. போகலைன்னா சோப்புத் தண்ணியில கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து சாயந்திரமா அடிங்க.

* துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல வெறும் மண்ணா இருக்கும். கொத்திடாதீங்க. கீழே மஞ்சள் தூங்குது. மழைக்கு வரும்.

* கத்திரி வெயில்ல எதுக்கும் உரம் வைக்காதீங்க, எதையும் வெட்டாதீங்க. தண்ணி, சருகு, நிழல்... இது மூணும் போதும்.

* புதுசா வைக்கிறதா இருந்தா ஆடியிலேர்ந்து புரட்டாசிக்குள்ள வைங்க. பெரிய மழைக்குள்ள வேர் பிடிச்சுக்கும்.

* சருகை எரிக்காதீங்க.

* பவழமல்லியை ஒண்ணும் பண்ண வேண்டாம். அது பாட்டுக்குப் பூக்கும்.

ஃப்ரெண்ட்ஸ்... நாம எல்லாருமே ஹாஸ்டல்லயும் வாடகை ரூம்லயும் குடியிருக்கிறவங்கதான். 'நாலு வருஷத்துல போயிடப் போறோம், இங்கே எதுக்கு?'னு தோணும். எனக்கும் தோணுச்சு. இந்த ஆடியில எங்க ஹாஸ்டல் மெஸ் பின்னாடி, கை கழுவுற தண்ணி போற இடத்துல ஒரு கறிவேப்பிலைக் கன்னு வைக்கப் போறேன். அது நல்லா கிளைச்சு நிக்கும்போது நான் பாஸ் அவுட். எந்த பேட்ச் ஜூனியரோ அதைக் கிள்ளி ரசத்துல போட்டுக்கட்டும்! நீங்களும் உங்க காம்பஸ்ல ஒரு மூலையைப் பாருங்க. பூ இல்லாத கன்னா பார்த்து வாங்குங்க. ஞாபகம் இருக்குல்ல... பூ இல்லாதது!

இந்த வரியை எழுதும்போது அப்பா கொல்லையில பலாவைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கிட்டு இருக்கார். முள்ளு விரிஞ்சு, தட்டினா 'தொம்தொம்'னு சத்தம் வந்தா பழுத்துடுச்சுனு அர்த்தம். இந்த வருஷம் பதினொரு காய். பக்கத்து வீடு, எதிர்வீட்டு அத்தை, நர்சரி அண்ணன், கூட வேலை பார்க்கிறவங்கனு விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருந்தவர், திடீர்னு திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார்.

'அந்த உச்சியில இருக்கிற ரெண்டையும் பறிக்க வேணாம். கடைசியாத்தான் பழுக்கும். வர்றவங்களுக்கு இருக்கட்டும்.'